திருத்தங்கலில் இருந்து பதில் வராத வாரம்

"ஆட்சேபணை இருந்தால் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கவும். இல்லையெனில் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்படும்."

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இந்த இரண்டு வரிகளை இதற்குள் பலமுறை பார்த்திருப்பீர்கள். படித்துவிட்டு, நமக்கென்ன என்று அடுத்த மெயிலுக்குப் போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். வேலையில் இருந்த காலத்தில் நான் பார்த்த பெரிய சிக்கல்களில் பாதி, சர்வர் விழுந்ததால் வந்தவை அல்ல. இதுபோல ஒழுங்காகவும் மரியாதையாகவும் எழுதப்பட்ட வரிகளால் வந்தவை. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மீதியைச் சொன்னால் சிலருக்கு என் மேல் கோபம் வரும். ஓய்வு பெற்ற பிறகு மெயிலில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

நம் கருவி என்ன செய்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதை உங்கள் வீட்டில் யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும். பல கம்ப்யூட்டர்களை வரிசையாக நிறுத்தி, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி அது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சில நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று மேஸ்திரிக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றிடம் இருந்து சத்தம் வராவிட்டால், அது செத்துவிட்டது என்று முடிவு கட்டி, அதன் வேலையை மேஸ்திரி இன்னொன்றிடம் தூக்கிக் கொடுத்துவிடும். எவ்வளவு நேரம் சத்தம் வராமல் இருந்தால் செத்ததாக எடுத்துக்கொள்வது என்பதுதான் இந்தக் கதை முழுக்கக் கேள்வி.

கருவியின் புரோகிராம் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். வந்த திருத்தத்தைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர்கள் மெயின்டெய்னர்கள். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பத்துப் பதினைந்து பேர். அதில் நான் ஒருத்தி, விருதுநகர் பஜாருக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, மிளகாய் வத்தல் நெடியில் மீட்டிங் நடுவே தும்மிக்கொண்டிருந்தேன். என் தும்மலை வைத்தே அன்றைக்கு வத்தல் வரத்து எப்படி என்று சொல்லும் அளவுக்கு, பிரேசிலில் இருக்கும் லூசியா என்ற மெயின்டெய்னர் தேறிவிட்டார்.

இன்னொரு மெயின்டெய்னரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஐரோப்பாவில் ஓயாமல் மழை பெய்யும் ஓர் ஊரில் இருப்பவர். எப்போது கூப்பிட்டாலும் அவர் ஜன்னலுக்குப் பின்னால் மழை. விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்ப்பது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். மழைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது ஆள் ஞானராஜ். திருத்தங்கலில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் பொறுப்பில் இருந்தவர். சிவகாசிப் பக்கம் என்றாலே எல்லாரும் பட்டாசைத்தான் கேட்கிறார்கள். தங்கள் வீட்டுச் சுவரில் வருடம் முழுக்கத் தொங்கும் காலண்டர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஞானராஜ் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தார். மனைவிக்கு விருதுநகரில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததும், இவரும் சென்னை வேலையை விட்டுவிட்டு மகளோடு வந்து சேர்ந்தார். பிரஸ் முதலாளியான அண்ணாச்சியிடம், பக்கம் தயாரிக்கும் வேலை அத்தனையையும் நம் கருவியில் போட்டுவிடலாம், என் பொறுப்பு என்று சொல்லி, போட்டும் விட்டார்.

முதல் சீசனிலேயே மாட்டிக்கொண்டார். மின்சாரம் போகும்போது அவருடைய கம்ப்யூட்டர்கள் பேட்டரியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அவற்றை ஒன்றோடு ஒன்று இணைக்கும் பெட்டி அணைந்துவிடும். ஜெனரேட்டர் போட்டு அது மறுபடி எழுந்திருக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் நம் மேஸ்திரி, கம்ப்யூட்டர் செத்துப்போனது என்று நினைத்து, வேலையை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டது. சாகாத பழைய கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் எழுத, பக்கங்கள் கலந்துபோய், ஒரு கல்யாண மண்டபத்தின் படத்துக்குக் கீழே ஹார்டுவேர் கடையின் பெயர் அச்சாகிவிட்டது. ஹார்டுவேர் கடைக்காரர் சிரித்துவிட்டார். மண்டபக்காரர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஞானராஜ் அந்தத் திருத்தத்தை எழுதி அனுப்பினார். 'என் இடத்தில் சத்தம் நின்றால் உடனே முடிவு கட்டாதே, கொஞ்சம் பொறு' என்று கருவியிடம் சொல்லி வைக்க வழி செய்யும் ஒரு சிறு பகுதி. அதைப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தவர் மழைக்காரர். சரிசெய்தார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். வாரக்கணக்காகத் திருப்பி அனுப்பி, ஒவ்வொரு முறையும் ஏன் என்று விளக்கி, ஒரு இடத்திலும் எரிந்து விழாமல், ஞானராஜின் ஆங்கிலத்தையும் சேர்த்துப் பொறுத்துக்கொண்டு செய்தார். கடைசியில் அது சேர்க்கப்பட்ட அன்று ஞானராஜ் சாத்தூர் சேவு ஒரு பெரிய பொட்டலம் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மழைக்காரருக்கு அனுப்ப முடியவில்லை என்பதால் எனக்கு வந்தது என்று அவரே சொன்னார்.

சில வருடங்கள் கழித்து, நான் ரிலீஸ், அதாவது புதுப் பதிப்பை வெளியிடும் பொறுப்பில் இருந்தபோது, அந்தப் பகுதியை எடுத்துவிடலாம் என்று எங்கள் எல்லாருக்கும் பொதுவான மெயிலிங் லிஸ்ட்டில் ஒரு மெயில் வந்தது. எழுதியவர் மழைக்காரரேதான்.

அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமானவை. அந்தப் பகுதியால் பிழைகள் முளைத்து, பொறுக்கச் சொல்லாத இடங்களிலும் கருவி தாமதித்துக்கொண்டிருந்தது. பெரிய கம்பெனிகள், ஒரு கம்ப்யூட்டர் விழுந்தால் அரை நிமிடத்தில் வேலை மாற வேண்டும், இவ்வளவு பொறுமை எங்களுக்கு வேண்டாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தன. இன்னமும் பயன்படுத்துகிறோம் என்று யாரும் எங்கேயும் எழுதியதும் இல்லை. ஆகவே எடுத்துவிடலாம். ஆட்சேபணை இருந்தால் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கவும்.

முதல் நாள் ஞானராஜிடம் இருந்து பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாள் மழைக்காரர் எனக்குத் தனியாக எழுதினார்: "தன்னுடைய வேலையையே எடுக்கிறோம், ஆனாலும் ஞானராஜ் ஆட்சேபிக்கவில்லை. பெருந்தன்மையான மனிதர்." அதைப் படித்ததும் விஷயம் வேறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏனென்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண் பார்த்துவிட்டுப் போகிற மாப்பிள்ளை வீட்டார் 'சொல்லி அனுப்புறோம்' என்பார்கள். பிறகு சொல்லி அனுப்ப மாட்டார்கள். ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று பெண் வீட்டில் யாரும் கேட்கப் போவதும் இல்லை. பதில் வந்து சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி ஒருத்தரை நோகடிக்காமல் இருக்க நாம் கண்டுபிடித்த வழி இது. நல்ல வழிதான், இரண்டு பக்கத்துக்கும் அது தெரிந்திருந்தால்.

ஞானராஜுக்குப் போன் போட்டேன்.

"அந்த மெயிலப் பாத்தியா ஞானம்?"

"பாத்தேன்க்கா. சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன். நீ ஒண்ணும் எழுதலையே."

"என்னத்தக்கா எழுத? அவுக யோசிக்காமயா செய்வாக."

"அது போச்சுன்னா உன் பிரஸ் என்ன ஆகும்?"

"அதாங்க்கா நான் ஒண்ணுமே எழுதாம இருக்கேன்ல. புரிஞ்சுக்கிடுவாக" என்றார்.

மறுநாள் காலையில் திருத்தங்கலுக்குப் பஸ் ஏறினேன். ஆமத்தூர் தாண்டும்வரை என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்ததும் ஒத்திகை ஒன்றும் உதவவில்லை. சீசன் உச்சத்தில் இருந்தது. கட்டுக் கட்டாகக் காலண்டர் அடுக்கியிருந்ததில், உட்காருவதற்கு எனக்கு நாற்காலி தேடுவதே பெரிய வேலையாகிவிட்டது.

"அங்கன பேசாம இருந்தா சரின்னு எழுதிக்கிடுவாக. உனக்குத் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டேன்.

"யாரு, அவுகளா?"

"எல்லாருந்தான். அதான் அங்கன வழக்கம். மெயில்லயே போட்டிருக்குல்ல?"

"போட்டிருக்குக்கா. அது சும்மா ஒரு இதுக்குப் போடறதுன்னு நினைச்சேன். கல்யாணப் பத்திரிகைல 'தங்கள் நல்வரவை நாடும்'னு போடற மாதிரி."

பிரஸ்ஸில் இருக்கும் ஆளுக்கு இதைவிட வேறு எப்படித் தோன்றும்? எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற நேரம் இல்லை.

"சரி, இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல. ரெண்டு வரி எழுது. வேணாம்னு எழுது."

"முடியாதுக்கா."

"ஏன்?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாத காலத்துல சொல்லிக் குடுத்து, கை தூக்கி விட்டவுக. அம்புட்டு பேரு பாக்க, அவுக மெயிலுக்குக் கீழ நான் வேணாம்னு எழுதவா? எங்க அப்பா இருந்தா செருப்பக் கழட்டிருவாக."

"எழுதலைன்னா இந்தச் சீசன் என்ன ஆகும்? என் பொறுப்புன்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லியிருக்க."

"தெரியும்க்கா. இன்னொரு தடவ மண்டபம், ஹார்டுவேருன்னு ஆச்சுன்னா என்னைய வச்சிருக்க மாட்டாக. திரும்ப மெட்ராசுக்குத்தான் போகணும். அவ ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு வர முடியாது. பாப்பா பள்ளிக்கூடம் வேற. நான் மட்டும் போவேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முடிவு செய்துவிட்டிருந்தார். நன்றி கெட்டவன் என்று பெயர் வாங்குவதைவிட வேலை போவது பரவாயில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கூடவே, அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

பழைய பதிப்பிலேயே இருந்துகொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். பழைய பதிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் திருத்தமும் இதே ரிலீஸில்தான் வந்தது. அதைப் போடாமல் இருக்க முடியாது, போட்டால் பொறுத்திருக்கும் பகுதி போய்விடும்.

அடுத்து, நீங்களே ஆட்சேபணை போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் ரிலீஸை வெளியிடும் பொறுப்பில் இருப்பவள், தன் ஊர்க்காரர் எழுதிய பகுதிக்காக ரிலீஸை நிறுத்தினாள் என்று ஆகியிருக்கும். அடுத்த முறை நான் சொல்லும் எதற்கும் மதிப்பு இருக்காது. அதைவிட முக்கியமாக, அவருக்காக நான் ஒருமுறை பேசிவிட்டால் ஒவ்வொரு முறையும் நான்தான் பேச வேண்டியிருக்கும். நான் எத்தனை காலத்துக்கு இருப்பேன்?

இப்படி நாங்கள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அண்ணாச்சி உள்ளே வந்தார்.

"வாங்கம்மா, எப்ப வந்தீக? ஏலே ஞானம், டீ சொன்னியாலே?" என்று கேட்டுவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்தார். "என்னமோ ஒரு மாத்தம் வரப் போகுதுன்னியே. வந்தா நம்ம எடத்துல என்னலே ஆகும்?"

ஞானராஜ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கரண்டு போகும்ல அண்ணாச்சி, அப்ப நம்ம கம்ப்யூட்டரு ஓடிக்கிட்டேதான் இருக்கும். ஆனா அது பேசறது வெளிய கேக்காது. நாம ஜெனரேட்டரு போடறதுக்குள்ள, செத்துப் போச்சுன்னு நினைச்சு, வேலையத் தூக்கி இன்னொண்ணுக்குக் குடுத்துரும். பொறவு ரெண்டும் சேந்து ஒரே காலண்டரப் போட்டுக் கொளப்பும். மண்டபக்காரருக்கு ஆச்சுல்ல, அதே கததான். அப்ப ஒரு தடவ ஆச்சு. இனிமே அரை நிமிசத்துலயே முடிவு கட்டிரும், கரண்டு போறப்பல்லாம் ஆகும்."

"ஆத்தாடி" என்றார் அண்ணாச்சி.

நான் டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். எதிர்த்து எழுது என்று நான் கேட்டதற்கு வாயே வராத மனிதருக்கு, என்ன ஆகும் என்று கேட்டதும் மடை திறந்த மாதிரி வருகிறது. முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் அவர் மழைக்காரருக்கு எதிராக நிற்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு யாருக்கு எதிராகவும் நிற்க வேண்டியதில்லை, தெரிந்ததைச் சொன்னால் போதும். நாங்கள் அந்த மெயிலிங் லிஸ்ட்டில் இத்தனை வருடமாக முதல் கேள்வியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் மழைக்காரருக்கு எழுதினேன். கெடு முடிவதற்குள் எங்கள் வாராந்திர வீடியோ கூட்டம் ஒன்று இருந்தது. நமக்கு அது மாலை நேரம். அதில் ஞானராஜுக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள், ஆட்சேபணை உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள், இந்த மாற்றம் வந்தால் உங்கள் அச்சகத்தில் என்ன ஆகும் என்று கேளுங்கள் என்றேன்.

"இரண்டும் ஒன்றுதானே?" என்று கேட்டார்.

"எங்கள் ஊரில் ஒன்றில்லை" என்று பதில் போட்டேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. அவருடைய நல்ல குணங்களில் அதுவும் ஒன்று.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும் என்றதும் ஞானராஜ் ஒத்துக்கொண்டார். கூட்டத்தன்று பிரஸ் ஆபீஸில் இருந்தே கூட்டத்தில் சேர்ந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. தான் சொல்லப்போவதைச் சுருக்கமாக ஒரு பக்கம் எழுதி முன்கூட்டியே எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். மழைக்காரர் நான் கேட்டுக்கொண்டபடியே கேட்டார். ஞானராஜ் பேச ஆரம்பித்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் சொல்கிறேன்.

"எங்கள் ஊரில் சீசன் நேரத்தில் மின்சாரம் அடிக்கடி போகும். அப்போது கம்ப்யூட்டர்கள் பேட்டரியில்..." என்றவர், வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்துபோனார்.

மின்சாரம் போய்விட்டது. இதை நான் செட்டப் செய்தேன் என்று லூசியா இன்றுவரை நம்புகிறார். அந்தப் பக்கம் சீசனில் கரண்டு போவதற்கு யாரும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை.

"ஞானராஜ்?" என்று மழைக்காரர் கூப்பிட்டார். இன்னொருமுறை கூப்பிட்டார். யாரோ செருமினார்கள். பத்துப் பேர் ஒரு உறைந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சங்கடமாகத்தான் இருக்கும். "அவர் தொடர்பு போய்விட்டது போலிருக்கிறது. லூசியா, அவர் அனுப்பிய பக்கம் உங்களிடம் இருக்கிறதே, நீங்கள் தொடர முடியுமா?" என்றார்.

பொறுங்கள், வந்துவிடுவார் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அந்த இடத்தில் ஒரு யோசனை ஓடியது. வாயை மூடிக்கொண்டேன். இத்தனை வருட வேலையில் நான் சரியாகச் செய்த காரியங்கள் என்று எண்ணினால், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதை முதலில் வைப்பேன்.

லூசியா நல்ல மனதோடு ஆரம்பித்தார். ஞானராஜ் எழுதியதைப் படித்து, நடுநடுவே தானாகவும் விளக்கினார். மின்சாரம் போனால் அந்தக் கம்ப்யூட்டர்கள் அணைந்துவிடுகின்றன என்று ஒரு விளக்கம் கொடுத்தார். அது தப்பு. அவை அணைவதே இல்லை என்பதுதான் விஷயமே. யாருக்கும் அது தப்பு என்று தெரியவில்லை, எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் ஞானராஜின் படம் அசைந்தது. தன் இடத்தில் லூசியா பேசிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. விட்ட இடத்தில் இருந்து, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "...ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன, ஆனால் அவை பேசுவது யாருக்கும் கேட்காது" என்று சொல்லிக்கொண்டே போனார். லூசியாவும் பேசிக்கொண்டே போனார். இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். நீங்கள் சொல்லுங்கள் என்று இருவரும் சொன்னார்கள். மறுபடி இருவரும் ஒன்றாக ஆரம்பித்தார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. மழைக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அவர் எவ்வளவு நேரம் போயிருந்தார்?" என்று கேட்டார்.

யாரும் பார்த்திருக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கலாம் என்றார் ஒருவர்.

"அதற்குள் நான் அவர் வேலையை லூசியாவிடம் கொடுத்துவிட்டேன்." இதைச் சொல்லிவிட்டு மழைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே வழக்கம்போல மழை. பிறகு, "ஞானராஜ், முதலில் இருந்து சொல்லுங்கள். உங்கள் மின்சாரம் எத்தனை முறை போனாலும் சரி. நீங்கள் முடிக்கும்வரை வேறு யாரும் பேச மாட்டோம்" என்றார்.

அந்தப் பகுதியை எடுத்துவிடும் யோசனையை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். பெரிய கம்பெனிகளுக்கு அரை நிமிடம், வேண்டியவர்களுக்குப் பொறுமை என்று இரண்டையும் வைத்து, பிழைகளை அவரும் ஞானராஜுமாகச் சேர்ந்து சரிசெய்தார்கள். ரிலீஸ் தள்ளிப்போனது. அதற்காக ஒரு கம்பெனியில் இருந்து எனக்கு வந்த மெயில்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். திருத்தங்கலில் சீசன் ஒழுங்காக முடிந்தது.

ஆனால் அந்தக் கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் ஞானராஜ் போன் செய்து, "இனிமே அவுக மூஞ்சில எப்படிக்கா முழிப்பேன்?" என்றார். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. மழைக்காரருக்கு நீளமாக ஒரு மன்னிப்பு மெயில் எழுதி அனுப்பிவிட்டார். அதைப் படித்துக் குழம்பிப்போய் மழைக்காரர் என்னிடம் கேட்டார், இவர் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று. நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். ஏன் அந்த வாரம் பதில் வரவில்லை, வராத பதிலுக்கு நம் பக்கத்தில் என்ன பொருள், 'சொல்லி அனுப்புறோம்' என்ற மாப்பிள்ளை வீட்டார் உட்பட.

அவரிடம் இருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. "அப்படியென்றால் இத்தனை வருடங்களில் உங்கள் பக்கத்தில் இருந்து எத்தனை பேர் என்னிடம் வேண்டாம் என்று சொல்லி, நான் கேட்காமல் போயிருப்பேன்?"

எனக்குச் சிலரைத் தெரியும். ஒரு திருத்தம் அனுப்பி, அதற்கு வந்த முடிவு பிடிக்காமல், ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஒதுங்கிப்போனவர்கள். போனவர்கள் போனதுகூட அங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அவருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது சிறிய விஷயம்தான். அந்த இரண்டு வரிகளைத் தாராளமாகப் போடுங்கள், அவை இல்லாமல் எந்த வேலையும் நகராது. ஆனால் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். யாருடைய வேலையில் கை வைக்கிறீர்களோ அவரைத் தேடிப்போய், உங்கள் இடத்தில் என்ன ஆகும் என்று கேளுங்கள். சம்மதமா என்று கேட்காதீர்கள். அதற்கு நம் ஆட்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நீங்களும் சொல்ல மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு ஞானராஜை மெயின்டெய்னராக்கலாம் என்று லூசியா முன்மொழிந்தார். அதற்கும் அதே வழக்கம்தான். ஆட்சேபணை இருந்தால் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கவும்.

வாரத்தின் நடுவில் ஞானராஜ் போன் செய்தார். குரலே சரியில்லை.

"யாருமே ஒரு வார்த்த எழுதலக்கா."

"எழுதலைன்னா நல்லதுதான?"

"என்னக்கா நல்லது? வேணாம்னா வேணாம்னு சொல்லிரலாம்ல. அம்புட்டு பேரும் பாக்க எம்பேரப் போட்டுட்டு, இப்படி வாயே தொறக்காம இருந்தா என்ன அர்த்தம்?"

"ஞானம், உனக்கு எம்புட்டு தடவ சொல்லியிருக்கேன்? அவுக பேசாம இருந்தா சரின்னு அர்த்தம்."

"புத்திக்குத் தெரியுதுக்கா. மனசு கேக்க மாட்டேங்குது. அவுககூட ஒண்ணும் எழுதல."

அவுக என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. இதைப்பற்றி யாருக்கும் எழுதவும் இல்லை. ஓய்வு பெற்றவள் மூக்கை நுழைக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

கெடு முடிகிற அன்று மழைக்காரரிடம் இருந்து லிஸ்ட்டுக்கு ஒரு மெயில் வந்தது. விதிப்படி அவர் எதுவும் எழுதத் தேவையில்லை. "எனக்கு ஆட்சேபணை இல்லை என்பதை நான் சொல்லாமலே நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் எழுதி வைக்க விரும்புகிறேன். ஞானராஜ் எங்களோடு வர வேண்டும். எனக்கு முழுச் சம்மதம்." அதற்குக் கீழே லூசியா எனக்கும் என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னொருவர். சாயங்காலத்துக்குள், வருடக்கணக்காக லிஸ்ட்டில் எதற்கும் வாய் திறக்காதவர்கள்கூட, ஒவ்வொருவராக வந்து எனக்கும் சம்மதம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

போன் அடித்தது. ஞானராஜ்தான்.

"அக்கா, அவுக எழுதிட்டாகக்கா" என்றார். பின்னால் பிரஸ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் போனை வைக்கவில்லை.